பேருந்து ஓடும் வரை

ஞாயிறு காலை ஏழு நாற்பதுக்குத் தாம்பரத்திலிருந்து கொண்டல்பாக்கம் கிளம்பிய பஸ்ஸில் இருந்தவர்கள்: ஓட்டுநருக்குப் பின் இருக்கையில், முழங்காலுக்கு உறை போட்டுக் குடையை மடியில் கிடத்திய யக்ஞநாராயணன், அடுத்த வரிசையில் டேனியலும் அவர் மனைவி அருள்மேரியும், நடுவே ஒரு தூக்கு நிறைய இட்லி, படிக்கட்டருகே, எல்லாத் தலையும் தெரிகிற இருக்கையில், ஞானசௌந்தரி, கடைசி நீள இருக்கையின் ஒரு மூலையில் மீன் கூடையோடு முத்தாலம்மாள், மறு மூலையில் கூடையைப் பார்க்காதது போல ஒரு போலீஸ்காரர். கண்டக்டர் லோகு எங்கும் உட்காரவில்லை.

இதையெல்லாம் ஞானசௌந்தரி கோடு போட்ட நோட்டில் வரிசை மாறாமல் எழுதிக்கொண்டாள். 'போலீஸ் - 1' என்பதற்கு அடிக்கோடும் இட்டாள். சீருடை போட்டாலும் தலை தலைதானே.

தலைகள் தேவைப்பட்டன. ஞாயிறுகளில் இந்த பஸ் காலியாகப் போகிறது, அடுத்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்கள் என்று லோகு போன தடவையே சொல்லிவிட்டார். நிறுத்தினால், மாதம் இரண்டு ஞாயிறு ஏரிக்கரையில் நடக்கிற இவர்கள் நாலு பேரும் பொத்தேரிப் பக்கம் வேறு ஏரி பார்த்துக்கொள்வார்கள். முத்தாலம்மாளுக்கு அப்படியில்லை. அவளுக்குக் கூடை காலியாகிற ஒரே நாள் ஞாயிறு, ஒரே ஊர் கொண்டல்பாக்கம். ஆட்டோக்காரர்களோ கூடையைக் கண்டாலே வேகம் பிடிக்கிறார்கள். "நீ நல்லா எயுதுவியாமே தாயி, எனக்கோசரம் ஒரு கடுதாசி போடேன்" என்று அவள் கேட்டதால், பத்து நாள் முன்பு பணிமனை மேலாளருக்கு ஞானசௌந்தரி எழுதியிருந்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி.

முடிச்சூர் தாண்டியதும் போலீஸ்காரர் எழுந்து வந்தார். சட்டையில் பரணி என்று பெயர்.

"இதுல ஞானசௌந்தரி யாருங்க?"

"நான்தான் சார். எங்க வாக்கிங் குழு செயலாளர்."

"தலைவர்?"

யக்ஞநாராயணன் குடையை உயர்த்தி வணக்கம் சொன்னார்.

"மீதி ஆளுங்க எங்க மேடம்? வேன்ல வராங்களா? கொடி, மைக் செட்டு?"

"இட்லி இருக்கு சார்" என்றாள் அருள்மேரி.

பரணி பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தார். கடைசி வரிக்குக் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். உரக்கப் படித்தார். "'இப்பேருந்து ஓடும் வரை எங்கள் நடைப்பயணம் தொடரும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' பணிவாத்தான் மிரட்டியிருக்கீங்க. அதான் பந்தோபஸ்துக்கு என்னை அனுப்பிட்டாங்க."

ஞானசௌந்தரி நகலை எட்டிப் பார்த்தாள். பஸ் ஓடுகிற காலமெல்லாம் நாங்களும் நடக்க வருவோம், ஆள் இல்லை என்று எண்ண வேண்டாம் என்பதுதான் அவள் சொன்னது. பஸ்ஸை ஓட விடுகிற வரை ஓய மாட்டோம் என்று பணிமனை படித்திருக்கிறது. 'வாக்கிங்' என்றால் மனுவுக்கு அழகில்லை என்று 'நடைப்பயணம்' போட்டது வேறு.

"விடியும் வரைன்னு சொல்ற 'வரை' இல்ல சார் இது. உயிர் இருக்கும் வரைன்னு சொல்வோமே, அந்த 'வரை'."

"உயிர் இருக்கும் வரையா? உண்ணாவிரதம் வேற உண்டா?"

டேனியல் வாயிலிருந்த இட்லியை அவசரமாக விழுங்கினார்.

"சும்மா நடக்கத்தான் சார் வரோம். நாலே பேர்" என்றாள் ஞானசௌந்தரி.

"அப்ப போராட்டம் இல்ல, நாலு பேர்தான்னு எழுதி இன்னிக்கே அனுப்பிடுங்க. முடிஞ்சுது."

பின்னாலிருந்து முத்தாலம்மாள் கத்தினாள். "எயுதாத தாயி! பயந்துகினுதான் இன்னிக்கு டயத்துக்கு வண்டி வுட்டுகிறான். நாலுன்னு எயுதினா நிறுத்திப்புடுவான். நாலாயிரம்னு போடு."

"பொய் எழுத மாட்டேங்க்கா."

"ஒரு சைபருதான, இன்னா இப்போ?"

"மூணு சைபர்."

"ஏம்மா, போலீசாண்டயே ரோசனை பண்றியே!" என்றார் லோகு.

ஏரிக்கரை நிறுத்தத்தில் நால்வரும் இறங்கினார்கள். உத்தரவு உத்தரவுதான் என்று பரணியும் இறங்கினார். முத்தாலம்மாள் கூடையோடு கடைசி நிறுத்தமான கொண்டல்பாக்கத்துக்குப் போனாள்.

"வெறுமனே நடக்கவா பஸ் புடிச்சு வரீங்க? உங்க தெருவுல நடந்தா ஆகாதா?" என்று முதல் கிலோமீட்டரில் கேட்டார் பரணி. இரண்டாவதில் இட்லி கேட்டார். மூன்றாவதில் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். யக்ஞநாராயணன் தம் குடையை அவருக்கு ஊன்றக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது கொண்டல்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் ஒரே கூட்டம். முத்தாலம்மாள் வீட்டுக்கு வீடு மீனோடு சேதியும் போட்டிருந்தாள்: பஸ்ஸை நிறுத்தப் போறானுங்க, பெரிய ஊர்வலம் வருது, போலீசு கூட வருது.

ஊரில் பாதி மனைக்குச் சொந்தக்காரரான கேசவன் மாலையோடு நின்றார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "ஊர்வலம்னாங்க. நாலு பேரும் செருப்பில்லாத ஒரு போலீசும் வரீங்க?"

மாலையை வீணாக்க வேண்டாமென்று யக்ஞநாராயணன் கழுத்தில் போட்டார். அதற்குள் பதினொன்றே காலுக்குத் திரும்புகிற பஸ் வந்து நின்றது.

"ஏறுறவங்க ஏறுங்க, வேடிக்கை பாக்குறவங்க தள்ளுங்க!" என்றார் லோகு.

"வந்தது வந்துட்டோம், தாம்பரம் போயிட்டு வருவோமே" என்று கேசவன் ஏறினார். அவர் பின்னால் கூட்டமே ஏறியது.

யார் எங்கே என்று எழுத ஞானசௌந்தரிக்கு நோட்டில் மூன்று பக்கம் போயிற்று. மொத்தம் ஐம்பத்து மூன்று. இடமில்லாத பரணி, கவிழ்த்துப் போட்ட காலிக் கூடை மேல் உட்கார்ந்திருந்தார்.

பஸ் குலுங்கக் குலுங்க அவள் எழுதினாள். நாங்கள் நால்வர், இது போராட்டமன்று, போகும்போது ஆறு பேர், வரும்போது ஐம்பத்து மூவர், இவர்கள் ஊர்வலம் பார்க்க வந்தவர்கள் என்பதையும் மறைக்கவில்லை.

எட்டிப் பார்த்த கேசவனுக்குப் பொறுக்கவில்லை. "இதையும் எழுதுங்க மேடம். பஸ் டயத்துக்கு வந்தா வாராவாரம் நாங்க ஏறுவோம். எப்ப வரும்னே தெரியாமத்தான் பைக்குல போறோம்." கையெழுத்தும் போட்டார். தாள் கடைசி இருக்கை வரை போய், நிறையக் கையெழுத்தும் கொஞ்சம் மீன் செதிலுமாகத் திரும்பி வந்தது.

"அந்தக் கடைசி வரிய மட்டும் மாத்திடுங்க மேடம்" என்று பழைய நகலை நீட்டினார் பரணி.

ஞானசௌந்தரி பேனாவைத் திறந்தாள். முத்தாலம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசௌந்தரி வரியை மூன்று முறை படித்தாள்.

"இதுல பிழை ஒண்ணும் இல்லையே சார்."

"இலக்கணம் சரியாத்தான கீது தாயி?" என்றாள் முத்தாலம்மாள்.

"இருக்கு."

பரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப வுடுங்க. ரெண்டாவது ஞாயிறும் நாலாவதும்தானே? ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கணும்."

'இப்பேருந்து ஓடும் வரை எங்கள் நடைப்பயணம் தொடரும்' என்று அவள் புதுக் கடிதத்தின் முடிவிலும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

தாம்பரத்தில் இறங்கியபோது கடிதம் வைத்த உறையின் பசை காய்ந்திருந்தது. அருள்மேரி தூக்கின் அடியிலிருந்து கடைசி இட்லித் துண்டைக் கிள்ளிக் கொடுத்தாள். ஞானசௌந்தரி அதை மடிப்பில் தேய்த்து, ஓரம் விடாமல் அழுத்தி, பையில் எப்போதும் இருக்கும் தபால்தலைகளில் ஒன்றை நேராக ஒட்டினாள். ஸ்டேஷன் வாசல் சிவப்புப் பெட்டிக்குள் உறையைப் போட்டு, உள்ளே விழுந்ததா என்று பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.