மேனேஜர் வீட்டு முகவரி

1

இந்தக் கதையை யாரும் கேட்கவில்லை. அண்ணி கேட்டது நாலு வரி அறிவிப்பு. "தம்பி, நீங்கதான் எழுதுறவராச்சே, சுருக்கமா ஒண்ணு எழுதித் தாங்க" என்று சொல்லிவிட்டு, பசை காய்ந்துவிடும் என்று உள்ளே ஓடிவிட்டார். நாலு வரி நாற்பதாகி, இப்போது எண் போட்ட பகுதிகளாகவும் ஆகிவிட்டது. கை பரபரக்கிறது. இத்தனை வருடம் எழுதியதில் என் கதை ஒன்றுகூட வேலைக்குப் போனதில்லை. இது போகப்போகிறது!

2

முதல் தொடக்கம்: "உடைமை என்பது யாது? மனிதகுலம் காலங்காலமாக..." (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "அன்று காலை அண்ணி கண்ணீரோடு போனை..." (அண்ணி எட்டிப் பார்த்து, "நான் அழல. அப்படி எழுதாதீங்க" என்றார். அழுதார் என்பதுதான் என் கட்சி. இருந்தாலும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவது முறை நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணி பொம்மை வைத்தியர். உடைந்த பொம்மைகளுக்குக் கை கால் பொருத்துவார், முடி நடுவார், கண் வைப்பார். அவருடைய அறையில் பிஸ்கட் டப்பாக்கள் நிறைய கைகள், ஜன்னலோரக் கம்பியில் காயப்போட்ட தலைகள். முதல்முறை வருபவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

ஊர் ஊராக வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது ஒரு சமூக வலைத்தளப் பக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அண்ணியை எங்கள் தெருவுக்கே தெரிந்திருக்காது. படங்கள், பாராட்டுகள், முகவரிகள், உரையாடல்கள் எல்லாம் அதற்குள்தான். "அது எங்க போயிடப் போகுது" என்பது வீட்டில் எல்லோரும் சொன்ன வாக்கியம்.

போய்விட்டது. ரப்பர் தலை இளகினால்தான் கழுத்திலிருந்து கழலும். அதற்காக அதைக் கொதிநீரில் முக்கியெடுப்பதை அண்ணி வீடியோவாகப் போட்டார். தளத்தைக் காவல் காக்கும் இயந்திரம் அதை மனிதத் தலை என்று நினைத்துக்கொண்டது. பக்கம் மூடப்பட்டது. முறையிட்டோம். பதிலும் இயந்திரமே எழுதியது.

3

இப்போது மேனேஜர்.

மேனேஜர் ஒரு பொம்மை. முழங்கை நீளம், முகத்தில் ஓயாத அதிருப்தி. யாரோ ஒரு குழந்தை வைத்த பெயர். இரண்டு காலும் கழன்ற நிலையில் கூரியரில் வந்தது. அந்தக் குழந்தையின் அம்மா அதை அனுப்பியதோடு, வலைத்தளப் பக்கத்தின் வழியாக ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தார். திரும்பக் கேட்க வழியில்லை என்றாலும் அண்ணிக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: "இது பக்கத்துல இல்லாம பாப்பா தூங்க மாட்டேங்கிறா. கண்ணு ரெண்டும் வேற வேற கலர்ல இருக்கும். அத மட்டும் மாத்திடாதீங்க. அவ அப்பா வெச்சது."

(அந்த அப்பா எங்கே என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அழித்தேன். எனக்குத் தெரியாது. தெரியாததை வைத்து உங்களை அழவைக்கக் கூடாது.)

மேனேஜர் இப்போது இரண்டு காலில் நிற்கிறார். போகத்தான் இடம் தெரியவில்லை. அண்ணிக்கு ஒரு வழக்கம்: வரும் பொம்மையின் மணிக்கட்டில், ஆஸ்பத்திரியில் கட்டுவதுபோல ஒரு பட்டை கட்டுவார். அதில் பொம்மையின் பெயர் மட்டும் இருக்கும். நோயாளி அதுதானே, சொந்தக்காரர் இல்லையே என்பார். பார்சல் உறையை அன்றே குப்பையில் போட்டுவிடுவார். நாங்கள் கொடுத்த முகவரியும் அதே உரையாடலில்தான் இருந்தது. அந்த அம்மாவும் எங்களைத் தொலைத்திருப்பார்.

(கூரியர் ரசீதை வைத்திருக்க மாட்டாரா என்பீர்கள். நீங்கள் வைத்திருக்கிறீர்களா? கூரியர்காரர்களோ எண் இல்லாமல் தேட முடியாது என்கிறார்கள். எண் உறையில் இருந்தது.)

அண்ணியைத் தின்பது இது ஒன்றுதான். "பொம்மைய வாங்கிட்டுப் பக்கத்த மூடிட்டு ஓடிட்டாங்கன்னுதானே அந்தம்மா நெனச்சிருப்பாங்க?"

4

முடிவுகள்.

அ. தளம் மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. எனக்குப் பிடித்திருந்தது. அண்ணி ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிட்டார்: "தொறந்தா நாம மறுபடியும் உள்ள போய் அப்படியே உக்காந்துக்குவோம், தம்பி."

ஆ. அதே தளத்தில் புதுப் பக்கம். இது அண்ணன் கட்சி. அந்தத் தளத்தை விட்டுவிட்டு, ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் கடை போட்டு யாருக்கு விற்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அண்ணி சொன்னார்: "கூட்டம் இருக்கிற எடத்துல போர்டு வெப்போம். வீட்ட நம்ம எடத்துல கட்டுவோம்."

இ. கட்டிவிட்டோம்! அண்ணியின் சொந்த இணையதளம். பெயர் அவருடையது, சாவி அவரிடம். முகவரிகளின் பிரதி அலமாரியிலும் இருக்கும். இனி தலையைக் கொதிநீரில் போட யாரையும் கேட்க வேண்டாம். முதல் பக்கத்தில் எதைப் போடுவது என்று வந்தபோதுதான் அந்த நாலு வரி அறிவிப்பு.

ஆமாம், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அதைத்தான். யாராவது எங்கேயாவது "மேனேஜர் பொம்மை" என்று தேடினால் இந்தக் கதை அகப்பட வேண்டும். மேனேஜர், பொம்மை, மேனேஜர், பொம்மை. (நடை கெடுகிறது. கெடட்டும்.)

5

மேனேஜரை வர்ணிக்கலாம் என்று ஆரம்பித்தேன்: "அதன் இடது கண்..."

அண்ணி என் கையைப் பிடித்துவிட்டார். "அத எழுதாதீங்க. வேற யாராச்சும் வந்து என்னோடதுன்னா என்ன செய்வீங்க?" அதனால்தான் மேலேயுள்ள படத்தில் மேனேஜரின் கண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டிருக்கிறேன். எழுத்தாளனாக இத்தனை சந்தோஷமாக எந்த வாக்கியத்தையும் நான் கைவிட்டதில்லை.

முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் அந்த அம்மா இல்லையென்றால், இந்தப் பக்கத்தை இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். அவரைத் தெரிந்த யாரோ ஒருவரிடம் இது போய்ச் சேரும்.

நீங்கள்தான் அந்த அம்மா என்றால், அண்ணி எங்கும் ஓடிவிடவில்லை. கீழே அவருடைய எண் இருக்கிறது. கை நிறையப் பசை இருந்தாலும் எடுப்பார். எடுத்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்:

"இடது கண்ணு என்ன கலரும்மா?"