மரத்துப்போன கால்

பள்ளி விடுமுறை நாள். சமையலறையிலிருந்து முன்னறை வரைக்கும் தரையெல்லாம் சிவப்புத் திட்டுகள். மனைவி அவற்றின் பின்னாலேயே வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிற அவள் கணவர் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது பாதத்தில் ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது.

"உங்க கால்ல ரத்தம்ங்க."

குனிந்து பார்த்தவர் பேப்பரைக் கீழே போட்டார். ரத்தத்தைக் கண்டல்ல, குத்தியதே தெரியவில்லையே என்றுதான். சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை.

கட்டுப் போட்ட டாக்டர் நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். "கரண்ட் வைப்பாங்களாமே" என்று கணவர் வழியெல்லாம் புலம்பினார்.

"உங்க நாக்குக்கு வச்சா நாங்க நிம்மதியா இருப்போம்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையும் சில்லிட்டிருந்தது.

பரிசோதனை செய்யும் பெண் முதலில் அவர் கையில் பட்டைகளை ஒட்டி மின்சாரம் கொடுத்தாள். சுரீரென்றது. விரல் துள்ளியது. திரையில் அலை ஒன்று மேடுபோல எழுந்தது. பிறகு கெண்டைக்காலில் கருவியை வைத்தாள். அதுவரை வலிக்குமே என்று பயந்தவருக்கு, வலிக்காமல் போய்விடுமோ என்று இப்போது பயம் வந்தது.

"தெரியுதும்மா, நல்லாவே தெரியுது."

"நான் இன்னும் கொடுக்கவே இல்லையே சார்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல இருந்தது, அவ்வளவுதான். கூட்டிக் கொடுத்தாள். திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது.

முடிவைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பாதத்துல உணர்ச்சி நரம்பு ரொம்ப அடிபட்டிருக்கு. போனது முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாது. காலை அசைக்கிற நரம்பு மெதுவா வேலை செய்யுது. சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சா இதோட நிறுத்தப் பார்க்கலாம். தினமும் பாதத்தைப் பாருங்க. வண்டி மட்டும் இப்போ வேண்டாம்."

அவர் கெஞ்சப் போகிறார் என்று மனைவி நினைத்தாள்.

"போன வாரமே நிறுத்தியிருக்கணும் டாக்டர்" என்றார். "பிரேக்னு நினைச்சு மிதிச்சேன். கால் ஆக்ஸிலரேட்டர் மேல இருந்திருக்கு. வண்டி பாய்ஞ்சப்பதான் குனிஞ்சு பார்த்தேன். முன்னாடி யாரும் இல்லை. உள்ள முழுக்கப் பிள்ளைங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள் மனைவி.

"சொன்னா நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு."

வெளியே வந்ததும் பள்ளிக்கு அவரே போன் செய்தார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காரணம் கேட்டபோது மறைக்கவில்லை.

படியிறங்கும்போது ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்தே வைத்தார். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்பதுபோல மனைவி ஒரு படி முன்னால் இறங்கினாள்.