இன்னும் கொஞ்சம் தடியாக

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜூடித்துக்கு அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. பகலெல்லாம் ஒரு நகைக்கடைக்காரரோடு அவர் கடைப் பலகையின் எழுத்துக்காக மல்லுக்கட்டிவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுன் போய் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மா பிரிஜெட்டுக்குப் பிறந்தநாள். ஆனால் ஜூடித் இந்த ரெஸ்டாரன்டைத் தேர்ந்தெடுத்தது சாப்பாட்டுக்காக அல்ல, மெனு கார்டுக்காக. அதன் எழுத்து அவள் வடிவமைத்தது.

பிரிஜெட் ரிட்டயர்டு டீச்சர். மகளுக்கு என்ன வேலை என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ டிசைன் பண்றா" என்பார். அந்த 'ஏதோ' ஜூடித்தை இத்தனை வருஷமாக உறுத்தியது. இன்றைக்காவது அம்மா கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

பார்க்க வேண்டிய எழுத்துதான். லேசாகச் சாய்ந்த இட்டாலிக். இறங்கும் கோடு கொழுகொழுவென்று, ஏறும் கோடு தலைமுடி கனத்தில். வெண்ணெய் நிறத் தாளில் சாம்பல் மை. முதலாளியம்மா நிக்கோல் மூன்று மாதமாகக் கெஞ்சினாள், "இன்னும் கொஞ்சம் தடியா வைங்க மேடம்" என்று. ஜூடித் மசியவில்லை. தடியாக்கினால் மளிகைக்கடை பில் மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தாள்.

பிரிஜெட் கார்டை நீட்டிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். மேஜை மேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி.

"ரொம்ப அழகா இருக்குடி. நீயே படிச்சு சொல்லு."

ஜூடித் குனிந்தாள். தடித்த கோடுகள் மட்டும் மழைக்கம்பி போல நின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை. கண் டாக்டரிடம் போவதை ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் என்ன, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளித் தள்ளி வைத்தவள் அவள்தானே? மனப்பாடமாகவே ஒப்பித்தாள்.

"இறால் சூப். மாங்கா போட்ட மீன். வாத்து ரோஸ்ட்..."

பக்கத்தில் நின்ற வெயிட்டர் நெளிந்தான். "சாரி மேடம், வாத்து இல்ல. பிரிண்டுக்கு முன்னாடியே ஓனர் எடுத்துட்டாங்க. கார்டுல வேற ஐட்டம் இருக்கு."

ஜூடித்துக்கு முகம் சுட்டது. அவன் பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச் ஒன்றை எடுத்து மரியாதையாக வைத்தான். "பரவால்ல மேடம், எல்லா டேபிளுக்கும் குடுக்கறோம்."

நிமிர்ந்து பார்த்தாள். உண்மைதான். மேஜைக்கு மேஜை வெளிச்சப் புள்ளி, அதன் மேல் கவிழ்ந்த தலைகள். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

பிரிஜெட் தன் கண்ணாடியைக் கழற்றி மகளிடம் நீட்டினார். ஜூடித் போட்டுக்கொண்டாள். டார்ச்சை அடித்ததும் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"இப்ப எப்படிடி இருக்கு?" கண்ணாடி இல்லாத அம்மா அவள் முகத்தைத் தேடிக்கொண்டு கேட்டார்.

"ரொம்ப மெல்லிசா இருக்கு மம்மி," என்றாள் ஜூடித்.