ஆயுதபூசையன்று அணைத்த பெட்டி

தீப்பெட்டி வியாபாரி தங்கசாமியின் டிப்போக்களில் "லைன் போச்சு" என்று எவர் சொன்னாலும், அடுத்து அழைக்கப்படுபவர், கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நவநீதகிருஷ்ணனாகவே இருந்தார். புதூர், கடம்பூர், எட்டயபுரம் டிப்போக்களின் கணினிகள் யாவும் வாடகைக் கேபிள் வழியாகக் கோவில்பட்டித் தலைமை அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே இணையத்துக்குச் சென்றன. கேபிள் அறுந்தால் பில் இல்லை. பில் இல்லையென்றால் லாரி கிளம்பாது. கரிசல் மண் கோடையில் வெடித்தாலும் அறும். மழையில் ஊறினாலும் அறும். அப்போதெல்லாம் அவர் பைக்கை எடுப்பார். டிப்போ வாசலில் லாரி ஓட்டுநர்கள் எழுந்து நிற்பார்கள். கடம்பூர்க்காரர்கள் போளிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். 'லைன் அண்ணாச்சி' என்பது ஏறத்தாழ அவருடைய பெயராகவே ஆகியிருந்தது.

பிறகு சுகுணா வேலைக்கு வந்தாள்.

வந்தவள் எஸ்டி-வான் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். தலைமை அலுவலகத்துக்கும் ஒவ்வொரு டிப்போவுக்கும் ஒரு சிறிய பெட்டி. அதில் இரண்டு நிறுவனங்களின் பிராட்பேண்டு, ஒரு சிம் கார்டு. எந்த வழி தெளிவாக இருக்கிறதோ அந்த வழியில் மென்பொருளே பில்லை அனுப்பும். ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்குத் தானே மாறும். இவற்றையெல்லாம் அவள் ஒரு கூட்டத்தில் பொறுமையாக விளக்கினாள். நவநீதகிருஷ்ணனும் அங்கே இருந்தார். ஆனால் விளக்கத்தின் பிற்பாதி முழுவதும், தங்கசாமி அவளை நோக்கி எத்தனை முறை தலையசைக்கிறார் என்பதையே அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றன. கைப்பேசி பழுதோ என்று ஐயுற்று, மேசைத் தொலைபேசியிலிருந்து தமக்கே அழைத்துப் பார்த்தார். அது நன்றாகவே ஒலித்தது. கடம்பூர்ப் போளி இப்போது சுகுணாவின் பெயருக்கு வந்தது. அவள் பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவரிடம்தான் நீட்டினாள்.

"எனக்குச் சர்க்கரை" என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை.

ஆயுதபூசை வந்தது. அன்று தலைமை அலுவலகத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் ஓய்வு: தராசு, அச்சு இயந்திரம், கணினி, மின்விசிறிகூட. டிப்போக்களில் தீபாவளிச் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும். அவர்களுக்குப் பூசை மாலையில்தான். அதனால் ஆண்டுதோறும் நவநீதகிருஷ்ணன் மட்டும் தம் சாதனங்களுக்கு விலக்குக் கேட்பார். "இது ஓஞ்சா எல்லாரும் ஓஞ்சிருவோம் அண்ணாச்சி" என்பார். தங்கசாமி சிரித்து, ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சாதனங்களுக்கே முதல் கற்பூரத்தைக் காட்டுவார். முதல் பொரிப் பொட்டலம் நவநீதகிருஷ்ணனுக்கு.

இவ்வாண்டு சுகுணா கீழே லாரிகளுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். நவநீதகிருஷ்ணன் தனியே, சாதனங்கள் இருந்த மாடியறைக்குச் சென்றார். புதிய பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பூசைக்கு ஓய்வளிப்பது முறைதானே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு சுவிட்சை அணைத்தார். மூன்று டிப்போக்களும் நிற்கும். சுகுணா திணறுவாள். எவராவது தம்மை அழைப்பார்கள்.

பூசை தொடங்கியது. கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது. மணியடித்தபோது அவர் கையை நெஞ்சில் வைத்தார். பக்தி என்று பிறர் எண்ணியிருக்கலாம். பூசணிக்காய் உடைந்தது. கைப்பேசி ஒலிக்கவில்லை.

பொறுக்க இயலாமல் புதூர் டிப்போவுக்கு அவரே அழைத்தார். பில் போடும் முப்பிடாதி எடுத்தாள்.

"ஏட்டி, லைன் எப்படி இருக்கு?"

"யாரு, லைன் அண்ணாச்சியா! ஆளையே காணோம், நாங்க இருக்கமா செத்தமான்னு கேக்கவே இல்லியே."

"லைனு எப்படின்னு கேட்டேன்."

"ஓடுது. ஏன், எங்கனயாச்சும் போச்சா?"

"இல்ல, சும்மாதான்."

"சும்மாவா கூப்பிடுதீங்க? இங்க மூணு லாரி நிக்கி. வைக்கேன் அண்ணாச்சி, பில்லு வந்துக்கிட்டே இருக்கு."

கற்பூரத் தட்டுடன் தங்கசாமி மாடியறைக்கு வந்தார். பின்னால் வந்த சுகுணா, அணைந்திருந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு நவநீதகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"என்ன தாயி, உன் பெட்டி கண்ண மூடிட்டு?" என்றார் தங்கசாமி.

அவள் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "டெஸ்ட் பண்ணுதோம் அண்ணாச்சி. டிப்போவெல்லாம் நம்ம வழியா வராம நேராப் போகுதுன்னு கூட்டத்துல சொன்னேன்ல? இங்கன அணைச்சாலும் அங்கன ஓடணும். சார்தான் அணைச்சிருக்காங்க."

"ஓடுதா?"

நவநீதகிருஷ்ணன் தம் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. "புதூர்ல கேட்டேன். ஓடுது."

"பாத்தீரா! உம்ம அனுபவம் வேற யாருக்கு வரும் வேய்?" தங்கசாமி முதல் பொரிப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். "மாசம் ஒரு தடவ இப்படி அணைச்சுப் பாத்து, ஒண்ணும் நிக்கலன்னு எனக்குச் சொல்லணும். இனி அது உம்ம பொறுப்பு."

தங்கசாமி படியிறங்கியதும் சுகுணா குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த தடவ எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு அணைங்க சார்."

அவளிடம் பொறாமைப்பட அவருக்கு ஏற்கெனவே இருந்த காரணங்களோடு, இப்போது அவளுடைய பெருந்தன்மையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த மாதம் அவளிடம் சொல்லிவிட்டே அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கைப்பேசியை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். எவரும் அழைக்கவில்லை. படியிறங்கிச் சென்று, எல்லாம் சரியாக இருப்பதாகத் தங்கசாமியிடம் தெரிவித்தார்.