ஒரே பிள்ளை

அப்பாவின் கருமாதிக்குச் சட்டத்தரணி தம்பிராஜா வந்திருந்தார். ஜெயம்மாதான் அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். "இது எங்க அக்காங்க ஐயா, பக்கத்துத் தோட்டத்துல இருக்கு" என்று தம்பி யோகராஜே சொன்னான். சாவு வீட்டில் சொத்துப் பேச்சை எடுப்பது அவர்கள் பக்கம் வழக்கமில்லை. கலவானையில் அப்பா பாடுபட்டு வாங்கிய தேயிலைக் காணியைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. தம்பியா ஏமாற்றப் போகிறான் என்ற நினைப்பு.

ஏமாற்றினான். செத்தவருக்குத் தான் ஒரே பிள்ளை என்று கோர்ட்டில் சத்தியம் செய்தான். வழக்கைப் பேசியவர் அதே தம்பிராஜா. காணியில் ஒரு துண்டு அவருடைய மச்சான் பேருக்குப் போனது. சாப்பிட்ட கையின் ஈரம் காய்வதற்குள் செய்த காரியம்.

ஜெயம்மா குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மண்சரிவு வரும், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் நிரோஷாவோடு போய் ஒதுங்க வேறு இடமில்லை. அதனால்தான் இரத்தினபுரியில் லோயர் நஸ்லினைத் தேடிப் போனாள்.

"அந்த லோயர் மேல மட்டும் கேஸ் போடுங்க மிஸ். தம்பி பேரு வேணாம்."

"கட்சிக்காரருக்காகப் பேசினதுக்கு மட்டும் ஒரு லோயரைப் பிடிக்க ஏலாது. இவரு பொய்னு தெரிஞ்சே சேர்ந்திருக்காரு, பங்கும் எடுத்திருக்காரு. அதனால பிடிக்கலாம். ஆனா கூட்டுச் சதின்னா ரெண்டு பேர் வேணும். தம்பியை விட்டுட்டா, இவரு யாரோட சேர்ந்தாரு?"

 அம்மா போன பிறகு ஜெயம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை யோகராஜ். அவனைக் கோர்ட்டு ஏற்ற எப்படி மனசு வரும்? குடிசை போட ஒரு மூலை தந்தால் போதும், நேரிலேயே கேட்போம் என்று கலவானைக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலில் யோகராஜும் தம்பிராஜாவும் காணி வாங்க வந்த ஒருவரோடு நின்றிருந்தார்கள். வந்தவர், "இவங்க யாரு?" என்று கேட்டார்.

தம்பிராஜா கூசாமல் சொன்னார். "ஆரோ வேலை கேட்டு வந்த மனுசி."

ஜெயம்மா தம்பியைப் பார்த்தாள். வாயைத் திறடா சாமி என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "இப்ப வேலை இல்லைங்க. போய்ட்டு வாங்க" என்றான்.

பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். காணி போனதற்காக அல்ல.

நஸ்லின் மிஸ்ஸிடம், "ரெண்டு பேரு மேலயும் போடுங்க" என்றாள். "தம்பி பேரு யோகராஜ். தகப்பன் பேரு ராமச்சந்திரன். எனக்கும் அதே தகப்பன்தான், மிஸ்."