நன்றியுரை கேட்ட அவை

ஆடிப்பெருக்கில் நுங்கும் நுரையுமாய் நடந்து வந்து, வாய்க்கால்தோறும் பிரிந்து, வயல்தோறும் நுழைந்து, நாற்றாகித் தூராகிக் கதிராகி, அறுவடையாய்க் களமேறிய பின்னர், இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவள்போல் காவிரி மெலிந்து மணலுக்குள் ஒடுங்குகின்ற மாசித் திங்கள்; திருவிடைமருதூர்க் கோபுரத்துக்குப் பின்னே கதிரவன் சாய, தாள் மட்டும் நின்ற வயல்களெங்கும் பொன்னிறம் படர, சிந்திய நெல்லுக்கு வந்த புறாக்களும் நண்டுக்கு வந்த கொக்குகளும் தத்தம் பங்கைப் பொறுக்கி முடித்து மரமேறுகின்ற அந்திப்பொழுது. வீரசோழன் ஆற்றின் தென்கரையில், தென்னையும் மூங்கிலும் தோளுரசி நிற்கும் செம்பியன்நல்லூர் என்னும் சிற்றூரின் கீழ்ப்புற வயல் ஒன்றில், அன்று உழவோடு தொடர்பில்லாத ஓர் ஆரவாரம் எழுந்துகொண்டிருந்தது.

நற்றமிழ் சுவைக்க வந்த நண்பர்களே, அவ்வாரவாரத்தின் பொருள் அறிய வேண்டுமாயின், அவ்வூரின் ‘வாய்க்கால்’ என்னும் கலைமன்றத்தை முதற்கண் அறிதல் வேண்டும். ஓட்டம் நின்றுபோன பழைய அரிசி ஆலை ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, ஞாயிறுதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் ஓவியமும் பறையும் பயிற்றுவிக்கின்ற அம்மன்றத்தில், கூலி வாங்கி உழைப்போர் ஒருவருமிலர். வேலை முடித்து வந்தோரும், வேலையை விட்டு வந்தோரும், வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தோருமே அதன் தூண்கள். ஆண்டுக்கொரு முறை, அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் பரப்பிப் பந்தலிட்டு, பிள்ளைகளின் ஆட்டத்தை முதலிலும், வெளியூர்க் குழுவினரின் நாடகத்தைப் பின்னுமாக, ஊருக்கே விருந்தாய்ப் படைப்பது அவர்தம் வழக்கம்.

அத்தூண்களுள் ஒருத்தி பர்வின். கடைத்தெருவில் வளையற்கடை நடத்துபவள். எத்தகைய கைக்கும் வலியாமல் வளையல் ஏற்றும் வித்தையும், எத்தகைய வாய்க்கும் சளைக்காமல் விடை கூறும் திறமும் வாய்த்தவள். மன்றத்தில் அவளுக்கு வாய்த்த பணியோ நன்றியுரை. அப்பணியை அவள் விரும்பி ஏற்றாள் என்று எண்ணிவிடாதீர்கள். வேறு எவரும் வேண்டாமென்று தள்ளிய பணி அது. நம் நாட்டில் வரவேற்புரைக்கு அவை பொறுத்திருக்கும், வாழ்த்துரைக்குக் கொட்டாவி விடும், நாடகத்துக்குக் கண் கொட்டாது. நன்றியுரை என்ற சொல் ஒலிபெருக்கியில் எழுந்த கணமே, பந்திக்கு முந்துவோர்போல் எழுந்து செருப்புத் தேடத் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் பர்வின் நன்றி கூறியதெல்லாம் ஊராரின் முதுகுகளுக்கே. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்லிமுடித்து, சிரித்துக்கொண்டே வீடு திரும்புவாள்.

வருத்தம் வந்தது இவ்வாண்டுதான். விழாவுக்கு முதல்நாட் காலை, பந்தற்காலில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த துரைராசு, தலை நிமிராமலே அச்செய்தியைச் சொன்னார். மேலத்தெருக்காரர், திருமணப் பந்தலிடுவது அவர் தொழில், மன்றத்துக்குப் பந்தலிடுவது அவர் விருப்பம்.

“இந்த வருஷத்தோட போதும் தங்கச்சி. அடுத்த மாசிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.”

“ஏண்ணே, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதாம்மா விஷயம்.” கயிற்றை மீண்டும் ஒருமுறை இழுத்தார். “நேத்து என் மச்சானே கேக்குறான், பந்தல் பிரமாதமா இருக்கே, கும்பகோணத்துலேருந்து ஆளு வந்தாங்களான்னு.”

“நான் வருஷா வருஷம் மைக்ல உங்க பேரச் சொல்றேனேண்ணே!”

“சொல்றீங்க. யாரு கேட்டா? நாங்கூட அப்ப ஏணி மேல ஏறி லைட்ட அவுத்துக்கிட்டு இருப்பேன்.”

நகைப்போடு அவர் சொன்னதுதான் அவளைச் சுட்டது. சினந்து சொல்லியிருந்தால் ஆற்றியிருப்பாள். குறையிரந்து சொல்லியிருந்தால் தேற்றியிருப்பாள். கணக்கு முடித்த கடைக்காரரைப்போல் அமைதியாய்ச் சொன்னவரிடம் என்ன பேசுவது? இவ்வாண்டு இவர் பெயரை ஊரே கேட்கும்படி சொல்லிவிட வேண்டும், இல்லையேல் இவரை நாம் இழந்துவிடுவோம் என்று உள்ளத்துள் உறுதி பூண்டாள். எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் ஒரு வழியும் தோன்றவில்லை.

இனி, அந்திக்கு வருவோம். மாலைத் தொழுகை முடித்தோரும், கோயில் விளக்கேற்றித் திரும்பினோரும், மாடு கட்டிவிட்டு வந்தோருமாய் வயல் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் ஆடி முடித்தார்கள். மன்றத்தின் செயலாளரும் தமிழாசிரியருமான புகழேந்தி, நாடகக் குழுவினரை வரவேற்றுப் பேசி முடித்தார், வரவேற்கப்பட்டோரைத்தான் காணவில்லை. அப்பொழுது அவர் கைப்பேசியில் செய்தி வந்தது: ஊரெல்லைக்கு அப்பால் வாய்க்காற் பாலத்தின் நட்டநடுவே அறுவடைப் பொறி ஒன்று பழுதாகிப் படுத்துவிட்டது, நாடகக் குழுவின் ஊர்தி அதற்குப் பின்னால் அசைய வழியின்றி நிற்கிறது.

“ஆளுங்க நடந்து பாலத்தத் தாண்டட்டும். இந்தப் பக்கம் நான் வண்டியோட நிக்கிறேன்” என்று சொல்லிய துரைராசு, பந்தற்கம்பு ஏற்றும் தம் சிற்றுந்தை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வழியே பறந்தார்.

அவையோ பொறுமை இழந்தது. குழந்தைகள் அழத் தொடங்கின. பெண்டிர் சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டத் தொடங்கினர். வைக்கோலைத் தட்டுவது எழுந்து போவதற்கு அறிகுறி என்பதை அறிந்த புகழேந்தி வியர்த்துப்போனார். பேச அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. சங்கப் பாடல்கள்வரை வரவேற்புரையிலேயே செலவழித்திருந்தார். ஒலிவாங்கியைப் பர்வினின் கையில் திணித்து, “எதையாவது பேசும்மா, கூட்டம் கலையுது!” என்றார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

“எல்லாருக்கும் வணக்கங்க. நாடகம் வந்துக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள நான் நன்றியுரையச் சொல்லிடுறேன். கடைசியில சொன்னா நீங்க ஓடிடுறீங்க. இப்ப ஓடுனா நாடகம் போயிடும்!”

சிரிப்பொலி எழுந்தது, தட்டிய கைகள் நின்றன. வளையல் ஏற்றும்போது பேசுவதுபோலவே அவள் தொடர்ந்தாள்.

“நீங்க உக்காந்திருக்கீங்களே வைக்கோலு, அது பஞ்சாபகேசன் மாமா வீட்டுப் பசுமாட்டோடது. நாங்க போயி கேட்டப்ப, மாட்டுக்கு வேணுமேம்மான்னு யோசிச்சாரு. மறுநா காலையில வண்டியோட வந்து நிக்கிறாரு. ‘அதுகிட்டயே கேட்டுட்டேன், விழாவுக்குத் தரேங்கறது, ஆனா திருப்பித் தரணுமாம்’ங்கறாரு. அதனால யாரும் சேலையில ஒட்டவெச்சு வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க!”

சென்னையில் வங்கிப்பணி முடித்து ஊர் திரும்பிய பஞ்சாபகேசன், முன்வரிசையில் நாணத்தோடு கை கூப்பினார். பர்வின் அவரை அத்தோடு விடவில்லை.

“இப்ப பிள்ளைங்க பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு ஆடுனாங்களே, அது அத்தனையும் மதுரம் மாமி வெட்டித் தெச்சது. என்னத்த வெட்டினாங்க தெரியுமா? அவங்க கல்யாணத்துக் கூறைப்புடவைய!”

“என்னது, கூறைப்புடவையா?” என்று எழுந்தே நின்றுவிட்டார் பஞ்சாபகேசன்.

மதுரம் தம் இடத்தில் அமர்ந்தபடியே கணவரை நோக்கி, “பெட்டிக்குள்ள இருந்துண்டு அது என்ன பண்ணப் போறது? கொழந்தைகள் ஆடறச்சே பாத்தேளே, நன்னா இருந்ததா இல்லையா?” என்றார்.

அவர் சற்றே எண்ணினார். “நன்னாத்தான் இருந்தது” என்று கூறி அமர்ந்தார். அமர்ந்தவரின் கண்கள் கலங்கியிருந்ததை அருகிருந்தோர் கண்டனர், சிரித்ததையும் கண்டனர். கைதட்டல் மூங்கிற் கொல்லைவரை சென்று மீண்டது.

அதன்பின் அவையை யார் பிடித்து நிறுத்துவது? நன்றி என்பது தனக்குத் தெரிந்தவர் பெயர் வரும்வரை சலிப்பூட்டும். வந்துவிட்டாலோ தேனினும் இனிக்கும். “எங்க வீட்டுலேருந்துதாங்க கரண்டு போவுது, அத விட்டுட்டீங்களே!” என்றார் ஒருவர். “அண்டா குடுத்தது நானு!” என்றது ஒரு பெண்குரல். ஒவ்வொன்றையும் ஏந்தி, ஒவ்வொருவரையும் எழச்செய்து, செல்லமாய்ச் சீண்டியே நன்றி நவின்றாள் பர்வின். அந்நேரம், நடுவரிசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார் ஒரு மூதாட்டி. பர்வினின் மாமியார் மெஹராஜ் பேகம். கலைமன்றத்தைக் காலக்கேடு என்று நாள்தோறும் ஏசுபவர்.

“ஊருக்கெல்லாம் சொல்றியே, நீ இங்க வந்து ஆடுறப்ப கடையில யாரு உக்காந்திருக்கா?”

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! முணுமுணுத்துக்கொண்டே அவர் கடையைத் திறந்ததும், முழங்கால் வலியோடு வளையல் அடுக்கியதும் ஒருங்கே பர்வினின் நினைவுக்கு வந்தன. ஏச்சை மட்டும் கேட்டோமே, அதற்கடியில் இருந்த துணையைக் காணாதிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“நீங்கதான் மாமி” என்றாள், ஒலிவாங்கியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு. “நீங்க இல்லாட்டி நான் இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. வீட்டுல ஒரு தடவகூட சொன்னதில்ல. இந்த ஊருக்கு முன்னாடி சொல்றேன். ரொம்ப நன்றி மாமி.”

“சரி சரி, மேல பேசு” என்று கையசைத்து அமர்ந்தார் அம்மூதாட்டி. முக்காட்டின் முனை கண்ணருகே போய் வந்தது.

இனி ஒரு பெயரே மீதம். அதற்குரியவர் இன்னும் வரவில்லை. அவர் இல்லாதபோது சொல்லிவிட்டால், ஏணிமேல் இருந்தவருக்குச் சொன்ன கதையாகவே முடியுமென்று அஞ்சி, வழியை நோக்கியவாறே மெல்லத் தொடங்கினாள்.

“இந்தப் பந்தல யாரு போட்டாங்க தெரியுமா?”

“கும்பகோணத்து ஆளுங்க!” என்றது ஒரு குரல், மச்சானாகத்தான் இருக்கவேண்டும்.

“இல்லீங்க. மேலத்தெரு துரைராசு அண்ணன். பிள்ளைங்க ஏறி ஆடுற மேடைன்னு, பலகைய அடிச்சு முடிச்சதும் அவரே மொதல்ல ஏறுவாரு. ஓரத்துல குதிப்பாரு, நடுவுல குதிப்பாரு, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுத் தங்கு தங்குன்னு ஆடுவாரு. எங்கயாச்சும் பலகை முனகுச்சுன்னா அத மறுபடி பிரிப்பாரு. இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைக்கும் கால்ல சிராய் ஏறுனதில்ல. இந்த மேடையில மொதல்ல ஆடுனவரு அவருதாங்க. அந்த ஆட்டத்தப் பாத்தது நான் ஒருத்திதான்.”

அவள் சொல்லிமுடிக்கவும், ஆற்றங்கரை வழியில் விளக்கொளி தோன்றவும் நேரம் ஒத்துவந்தது. சிற்றுந்து வயலோரம் வந்து நின்றது. அதன் பின்புறத்தில், ஒருபாதி முகத்துக்கு மட்டும் ஒப்பனையிட்டு, மணிமுடி தரித்து, கம்பியைப் பற்றியவாறு நின்றிருந்தார் நாடகத்து அரசர். அவை முழுதும் ஒருசேர எழுந்து ஆர்ப்பரித்தது. தமக்கான வரவேற்பென்று எண்ணி அரசர் நெஞ்சு நிமிர்ந்து கை கூப்பினார்.

“ராசா, நீங்க இல்ல! வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவரு!” என்றாள் பர்வின் ஒலிவாங்கியில்.

துரைராசு நடுங்கிப்போனார். நேரங்கடந்து வந்ததற்கு ஊர் திரண்டு ஏசுவதாக எண்ணி, ஊர்தியிலிருந்து இறங்கும் முன்பே, “நான் என்னய்யா பண்ணுவேன், பாலத்துல மிஷின் குறுக்க நிக்கிது!” என்று கத்தினார். ஏசுகின்ற ஊர் ஏன் சிரிக்கிறது, ஏன் கைதட்டுகிறது, ஏன் தம்மைத் தோளில் தட்டி மேடையேற்றுகிறது என்று ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. “ஆடுங்க, ஆடுங்க!” என்ற கூச்சலின் நடுவே, மச்சான் முன்வந்து அவர் கையைப் பற்றி, “மாமா, எனக்குத் தெரியாமப் போச்சே” என்றபோதுதான் விளங்கிற்று. என்ன செய்வதென்று அறியாமல் பலகையில் ஒரேயொரு முறை குதித்தார். அன்றைய விழாவில் அதற்கு ஈடான கைதட்டலை, பின்னர் நாடகத்தில் நாட்டை மீட்ட அந்த அரசரும் பெறவில்லை.

நாடகம் இனிதே நடந்து முடிந்தது. நன்றியுரை ஏற்கெனவே தீர்ந்துபோனமையால், பர்வினுக்குச் சொல்ல ஒன்றுமில்லை; செருப்புத் தேடி ஓடவேண்டிய அவையோ ஓடவில்லை. பஞ்சாபகேசன் குனிந்து வைக்கோலை அள்ளினார். அதைக் கண்டு பக்கத்திலிருந்தோர் அள்ளினர். இளையோர் மேடையில் இட்டிருந்த நாற்காலிகளை அடுக்கினர். பெண்டிர் அண்டாவைத் தூக்கினர். நாடகத்து அரசரே முடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பந்தற்காலைப் பற்றினார். ஊர் முழுதும் ஒரே நேரத்தில் தொண்டராகிவிட்டால் என்னாகும்? ஆளுக்கொரு முடிச்சில் கைவைத்து, அவிழ்க்கத் தெரியாதவர்கள் அரிவாளைத் தேடத் தொடங்கினர்.

“ஏய், ஏய்! அறுக்காதீங்கய்யா, அவுருங்க!” என்று அலறிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார் துரைராசு. “கயித்தத் துண்டு துண்டாக்கிட்டா அடுத்த வருஷம் நான் எத வெச்சுக் கட்டுறது?”

சொன்னது என்னவென்று அவர் அறியவில்லை. அடுத்த முடிச்சுக்கு ஓடிவிட்டார். கேட்டவள் பர்வின். அணைத்துவிட்ட ஒலிவாங்கியைக் கையில் பிடித்தவாறே, யாருக்கு என்றில்லாமல் உரக்கச் சிரித்தாள்.

செய்ந்நன்றி அறிதல் உயர்ந்த அறமென்று நூல்கள் ஓதும்; அது எளிய அறமும்கூட. உழைத்தவன் காதில் விழும்படி அவன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்வதற்குத்தான் நமக்கு எப்பொழுதும் நேரமாகிவிடுகிறது.