நம்பர் போட்ட கல்

கண்ணாத்தாளுக்கு நம்பர் என்றாலே ஆகாது. அவள் வீட்டுக்கு எதிரே நின்ற புளியமரத்துக்கு ரோட்டுக்காரர்கள் நம்பர் போட்டார்கள். அடுத்த மாதமே ஏலம் விட்டு வேரோடு சாய்த்தார்கள். அதனால்தான் கண்மாய்க்கரைச் சிவன் கோயில் கற்களில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் விழுந்ததும் இதுவும் ஏலத்துக்குத்தான் என்று அவள் முடிவு கட்டினாள். வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அவள் விளக்கேற்றும் கோயில். புதுக்கோட்டை ராசா காலத்தில்கூட யாரும் கைவைக்காத கோயில். அது ஊரைவிட்டுப் போக அவள் விடுவாளா?

நம்பர் போட்டவர் மரியசெல்வம். மண்ணில் புதைந்த அடித்தளத்தைத் தோண்டி, அளந்து, படம் வரையச் சர்க்கார் அனுப்பிய ஆள். சாய்ந்து நின்ற கருவறைச் சுவரையும் கல் கல்லாகப் பிரித்துப் போட்டிருந்தார். எதைக் கேட்டாலும் "தள்ளி நில்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

"வேதக்காரனுக்கு நம்ம சாமி கல்லுல என்ன வேல? ஏலத்துக்குத்தான் எழுதுறான்" என்று கண்ணாத்தாள் மூட்டிவிட்டாள். ஊர் நம்பியது. குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட அவருக்குக் கதவைச் சாத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் பூசைக்குப் போன சமயம் பார்த்து, நாத்தனார் ராக்காயியைக் கூட்டிக்கொண்டு போனாள். மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாக ஒரு கல் விடாமல் தேய்த்தார்கள். கை எரிந்தது, மனசு குளிர்ந்தது.

திரும்பி வந்த மரியசெல்வத்தின் முகம் செத்துப்போனது.

"யாரு செஞ்சது?"

"நாந்தான். எங்க கோயில ஏலம் விடப் பாத்தா சும்மா இருப்பமா?"

"ஏலமா? பிரிச்ச சுவரத் திரும்பக் கட்ட வேணாமா? எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு தெரியப் போட்ட நம்பரும்மா அது!"

கண்ணாத்தாளுக்குத் திக்கென்றது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "அதான் படம் வரஞ்சு வச்சிருக்கீங்கள்ல, அதப் பாத்துக் கட்டுங்க."

"படத்துல நம்பர் இருக்கு. கல்லுல எங்க இருக்கு?"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

அவர் படத்தை விரித்துக்கொண்டு கற்களிடையே குனிந்தார்.

எல்லாம் ஒரே மாதிரி வெட்டிய கற்கள். பொருத்திப் பொருத்திப் பார்த்து மனுஷன் ஓய்ந்துபோனார். ஜீப்பில் வந்த மேலதிகாரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கட்ட முடியாத கல்ல இங்க போட்டு வச்சா ஆளாளுக்கு அள்ளிட்டுப் போவாங்க. புதுக்கோட்டைக் கிட்டங்கிக்கு ஏத்திப் பூட்டி வச்சிருங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மரியசெல்வம் மறுபடியும் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். வெட்டவெளியில் நின்ற லிங்கத்துக்கு விளக்கேற்ற வந்த கண்ணாத்தாள் அதைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்குங்க நம்பரு?"

"லாரிக்கு" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.